திருப்பி அனுப்பும் செலவு

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. சர்க்கரை உண்டு, ரத்த அழுத்தம் உண்டு, நான்கு வருடங்களுக்கு முன் இதயத்தில் வைத்த ஸ்டென்ட் ஒன்றும் உண்டு. போன மாதம் சோறு போட்டுக்கொண்டே, “ஒரு தடவ கப்பல்ல போயிட்டு வரணும்டா” என்றார். ஜொகூர் பாருவில் இருப்பவர்களுக்கு இது பெரிய ஆசை இல்லை. பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர், அங்கே மெரினா பே முனையத்தில் உல்லாசக் கப்பல்கள் நிற்கின்றன. பினாங்கு, புக்கெட் என்று நாலைந்து நாளில் சுற்றிக் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விடுகின்றன. எங்கள் தாமானில் பாதிப் பேர் போய்விட்டு வந்து பஃபே சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள்.

அம்மாவின் காரணம் பஃபே இல்லை. “அந்தத் தண்ணியப் பாக்கணும்” என்றார். எந்தத் தண்ணி என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

என் பாட்டி ஒன்பது வயதில் ரஜுலா கப்பலில் வந்தவர். பாட்டி கணக்கில் அது 1936. நாகப்பட்டினத்தில் படகில் ஏறி, ஆழத்தில் நின்ற கப்பலுக்கு ஏணி பிடித்து ஏறியது, டெக்கில் பாய் விரித்துப் படுத்தது, இரும்புச் சூடு, எல்லாரும் வாந்தி எடுத்த நாற்றம் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். கூடவே, பினாங்கு வருவதற்கு ஒரு நாள் முன்பு ஒன்றரை வயதுத் தம்பி வயிற்றுப்போக்கில் செத்ததையும் சொல்வார். துணியில் சுற்றி இறக்கினார்களாம். கப்பல் நிற்கவில்லையாம். கதை அங்கே முடிந்துவிடும். அடுத்த வாக்கியத்தில் பாட்டி குளுவாங் பக்கத் தோட்டத்து லயத்தில் இருப்பார். அம்மா இந்தக் கதையை ஒரே வரியில் சொல்வார்: “எனக்கு ஒரு தாய்மாமன் கடல்ல இருக்காரு.”

டிக்கெட் பதிவு செய்ய உட்கார்ந்தேன். அறை எடுத்தாயிற்று, இரண்டு பாஸ்போர்ட் எண்களும் கொடுத்தாயிற்று. கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்: பயணக் காப்புறுதி வேண்டுமா? (தமிழ்நாட்டு நண்பர்கள் இதைக் காப்பீடு என்பார்கள். நமக்குக் காப்புறுதி. உறுதி என்ற சொல் உள்ளே இருப்பதாலேயே எனக்கு இதன்மேல் கொஞ்சம் சந்தேகம்.) இருவருக்கும் சேர்த்து, வெளியே போய் ஒரு நல்ல மீன்தலைக் கறிச் சாப்பாடு சாப்பிட ஆகும் காசு. கட்டத்தில் குறி போடப் போன கை நின்றுவிட்டது. பாட்டி வந்த கப்பலில் யாருக்காவது காப்புறுதி இருந்ததா என்று ஒரு யோசனை வந்தது. இருந்தது. ஆனால் அதைத் தேடிப் போனால், காப்பாற்றப்பட்டது யார் என்ற இடத்தில் கதை வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த கதையில் சஞ்சிக்கூலியும் கங்காணியும் நமக்குத் தெரிந்தவர்கள். சஞ்சிமுறையில் கப்பல் செலவு ஆளின் தலையில் கடனாக ஏறும். ஒப்பந்தக் காலம் முழுக்க அது சம்பளத்தில் கழியும். ஆள் நடுவில் செத்தால் கடனும் செத்துவிடும். ஆகவே துரைக்கு ஒவ்வொரு உயிரும் ஒரு முதலீடு, ஒவ்வொரு சாவும் ஒரு நட்டம். கங்காணி முறையிலும் முன்பணம் துரையுடையதுதான். கங்காணியை ஊருக்கு அனுப்பி, வழிச்செலவு கொடுத்து, இருபது பேரைக் கூட்டிவந்து சேர்த்தால், பக்கத்துத் தோட்டத்துக்காரன் நாலு காசு கூடக் கொடுத்து அவர்களை இழுத்துக்கொள்வான். செலவு ஒருத்தனுக்கு, ஆள் இன்னொருத்தனுக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தோட்ட முதலாளிகளின் பெரிய புலம்பல் மலேரியா அல்ல, இந்த ஆள் இழுப்புதான்.

1907-இல் இதற்கு ஒரு தீர்வு கண்டுபிடித்தார்கள். தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒன்று சட்டப்படி உருவானது. அதை நடத்த அதிகாரிகளும் தோட்டக்காரர்களும் சேர்ந்த ஒரு குழு. தென்னிந்தியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், தன்னிடம் அவர்கள் வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் கட்ட வேண்டும். அவன் ஆள் பிடிக்க ஊருக்குக் கங்காணியை அனுப்பினானா இல்லையா என்பது கணக்கில்லை. அந்தப் பொதுப்பணத்திலிருந்து கிராமத்திலிருந்து முகாம் வரை ரயில் செலவு, ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் சாப்பாடு, கப்பல் டிக்கெட், இங்கே வந்து இறங்கியதும் தொற்றுத்தடுப்பு முகாம் செலவு எல்லாம் போகும். தொழிலாளி கடன் இல்லாமல் இறங்குவான். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகவும் சட்டத்தில் இடம் இருந்தது.

படிக்கும்போது நல்லதாகவே இருக்கிறது. நல்லதும் கூட. சஞ்சிமுறை 1910-இல் மலாயாவில் முடிவுக்கு வந்ததில் இந்த நிதிக்குப் பங்குண்டு. பாட்டியின் அப்பா கப்பல் கடன் இல்லாமல் இறங்கியதும் இதனால்தான். ஆனால் இதன் இயக்கத்தைக் கவனித்துப் பாருங்கள். பலபேர் சேர்ந்து சிறுசிறு தொகை போடுகிறார்கள், ஒருவருக்கு நேரும் நட்டத்தை எல்லாரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். காப்புறுதியின் இலக்கணமே இதுதான். இங்கே பங்கிட்டுக்கொள்ளப்பட்ட நட்டம் எது? ஆள் ஓடிப்போவதால் துரைக்கு வரும் நட்டம். சந்தா கட்டியவர்கள் துரைமார், பயன் பெற்றவர்கள் துரைமார். டெக்கில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள் காப்புறுதி செய்தவர்கள் அல்லர், காப்புறுதி செய்யப்பட்ட பொருள்.

இந்த வரியை எழுதியதும் கொஞ்சம் அதிகமோ என்று தோன்றுகிறது. கடல் காப்புறுதியின் வரலாற்றைத் தெரிந்தவர்கள் அதிகம் என்று சொல்லமாட்டார்கள். அது பிறந்ததே சரக்குக்காக. லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவரின் காப்பிக் கடையில் கப்பல்காரர்களும் வியாபாரிகளும் கூடி, சரக்குக்கும் கலத்துக்கும் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டுக்கொண்டதிலிருந்து வளர்ந்தது அது. 1781-இல் ஸாங் என்ற ஆங்கிலேய அடிமைக் கப்பலில், தண்ணீர் பற்றாது என்று காரணம் சொல்லி, ஆப்பிரிக்க அடிமைகள் நூற்று முப்பது பேர் அளவுக்கு உயிரோடு கடலில் தள்ளப்பட்டார்கள். கப்பல் முதலாளிகள் ஊருக்கு வந்து காப்புறுதிப் பணம் கேட்டார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. கொலை வழக்காக அல்ல, சரக்கு நட்ட வழக்காக. முதல் தீர்ப்பு முதலாளிகளுக்குச் சாதகமாகவே வந்தது. 1783-இல் மேல்விசாரணையில்தான் மறுவிசாரணைக்கு உத்தரவானது. ரஜுலாவை நான் ஸாங்கோடு ஒப்பிடவில்லை. ரஜுலாவில் டாக்டர் இருந்தார், சாப்பாடு இருந்தது, பாட்டி அந்தக் கப்பலை வெறுத்ததும் இல்லை. கடலில் மனிதனுக்கு விலை போட்டது யார், எதற்காக என்ற கேள்வி மட்டும் இரண்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ரஜுலாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. மலேசியாவில் வயதான தமிழர் யாரிடமாவது அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். 1926-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு போய்வந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு ஒரு காலத்தில் உரிமம் இருந்தது. நாங்கள் பதிவு செய்திருக்கும் உல்லாசக் கப்பல் அதைப்போலப் பல மடங்கு பெரியது. அதில் ஏறுகிறவர்கள் எண்ணிக்கையோ அதைவிடக் குறைவு. இதே கம்பெனிதான் வ.உ.சி. 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது, அதை ஒழிக்கக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய்க் கடைசியில் இலவசமாக ஏற்றியது. கூடவே ஆளுக்கு ஒரு குடையும் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். கப்பல்காரன் எதையாவது சும்மா கொடுத்தால் அந்தக் குடை எனக்கு நினைவுக்கு வரும். ரஜுலாவுக்குப் பின் அந்தத் தடத்தில் ஓடிய கப்பலுக்கு வ.உ.சி.யின் பெயரையே வைத்தார்கள், எம்.வி. சிதம்பரம். 1980களின் நடுவில் நடுக்கடலில் அது தீப்பிடித்தது, பயணிகள் பலர் செத்தார்கள். அதோடு அந்தக் கடல்வழியும் அநேகமாக முடிந்தது. பிறகு எல்லாரும் விமானம்தான்.

நிதிக்குத் திரும்புகிறேன். அதில் எனக்கு மிகவும் விசித்திரமாகப் பட்டது போவதற்கான செலவு அல்ல, திரும்புவதற்கான செலவு. வயதாகிப் போனவர்கள், நோயில் விழுந்தவர்கள், இனி வெட்டுக்கு உதவாதவர்கள், இவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பவும் அந்த நிதி பணம் கொடுத்தது. போக இடமில்லாத முதியவர்களுக்கு விடுதியும் நடத்தியது. இது தர்மமா, கணக்கை முடிப்பதா என்பது நீங்கள் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1930-இல் உலகச் சந்தையில் ரப்பர் விலை சரிந்தபோது ஒரு பக்கம் மட்டும்தான் தெரிந்தது. ஆள் எடுப்பது நின்றது. அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் அந்த நிதியின் செலவில் கப்பலேற்றப்பட்டு ஊர் திரும்பினார்கள். நோயாளிகள் அல்லர், கைகால் நன்றாக இருந்தவர்கள். இன்றைய பாலிசிகளில் பயணம் பாதியில் ரத்தாவதற்கு ஓர் இழப்பீடு உண்டு. அன்றும் உண்டு. ரத்து செய்தவனுக்கு மட்டும். 1934-இல் விலை ஏறியதும் மறுபடி ஆள் தேவைப்பட்டது. அப்படி வந்தவர்களில் ஒரு குடும்பம் எங்களுடையது. 1938 ஜூனில் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்துக்கே தடைபோட்டுவிட்டது. இரண்டு வருடம் பிந்தியிருந்தால் நான் தஞ்சாவூர்ப் பக்கம் எங்காவது உட்கார்ந்து வேறு எதையோ எழுதிக்கொண்டிருப்பேன்.

அந்த நிதி மட்டும் சாகவே இல்லை. 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று பெயர் மாறியது. 1999-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே கலைக்கப்பட்டது. தொண்ணூறு வருடத்துக்கும் மேல். எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி ஒன்று இருந்தது என்றே தெரியாது.

அவர்களுக்குத் தெரிந்த காப்புறுதி வேறு. லயத்தில் மரண சகாயம் என்று ஒன்று இருந்ததாக அம்மா சொல்வார். சாவு விழுந்தால் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல். பெட்டி, மாலை, மேளம், காடேற்றும் செலவு எல்லாம் அதில் ஓடும். ரசீது கிடையாது, பாலிசி எண் கிடையாது, வசூலிக்கிறவர் கொஞ்சம் கையாடினால் அதைப் பெரட்டில் வைத்து ஊரே பேசித் தீர்க்கும். கப்பலில் அதுகூட இல்லை. ஒருவரை ஒருவர் தெரியாத ஆயிரம் பேர். பாட்டியின் அம்மா செய்தது ஒன்றுதான். புறப்படும்போது சாமிக்கு ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார், நல்லபடி கரை சேர்ந்தால் செலுத்துவதாக. பிள்ளையைக் கடலில் விட்ட பிறகும் அந்தக் காசைச் செலுத்தினாராம். “மத்த நாலு பேரும் வந்து சேந்தாச்சுல்ல” என்று.

சரி, இப்போது என் முன்னால் இருக்கும் கட்டம்.

கப்பல்காரர் கொடுத்த பாலிசியின் விதிமுறைகளை இறக்கி வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி படித்தேன். பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை, நானும் இதற்கு முன் படித்ததில்லை. பெரிய எழுத்தில் சொல்லியிருந்தது பெட்டி தொலைந்தால், பயணம் தாமதமானால், ரத்தானால் என்ன கிடைக்கும் என்று. இவை எதுவும் எனக்கு முக்கியமில்லை. பெட்டி தொலைந்தால் நாலு சட்டை போகும். டிக்கெட் காசு மொத்தமாகப் போனாலும் திட்டித் தீர்த்துவிட்டு வாழ்ந்துவிடலாம். நம்மால் தாங்க முடிகிற நட்டத்துக்குச் சந்தா கட்டுவது வீண். தாங்க முடியாதது எது என்பதுதான் கேள்வி. அம்மாவுக்குப் புக்கெட் பக்கத்தில் நெஞ்சு வலித்தால் என்ன ஆகும்? கப்பலில் டாக்டர் இருப்பார். ஆனால் அது கிளினிக்தான், ஆஸ்பத்திரி இல்லை. பில் அறைக் கணக்கில் ஏறும். அங்கே முடியாது என்றால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அங்கிருந்து நர்ஸ் துணையோடு ஜொகூருக்கு விமானம். அவசரம் என்றால் ஹெலிகாப்டர்கூட வரலாம். என் மெடிக்கல் கார்டை எடுத்துப் பார்த்தேன். வெளிநாட்டுச் சிகிச்சை பற்றி அதில் இருந்தது இரண்டே வரி, இரண்டும் கைவிரித்த வரிகள். ஆக, வாங்க வேண்டியது இந்த ஒன்றுக்காகத்தான். பெட்டிக்காக அல்ல, உடம்புக்காக.

அந்த உடம்பு விஷயம்தான் சின்ன எழுத்தில் இருந்தது. ஏற்கெனவே இருக்கும் நோய்களால் வரும் எதற்கும் பொறுப்பில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஸ்டென்ட், மூன்றும் ஏற்கெனவே இருப்பவை. அதாவது அம்மாவுக்கு வரக்கூடிய எதற்கும் அந்தப் பாலிசி வராது, வராத எல்லாவற்றுக்கும் வரும். குடை ஞாபகம் வந்தது.

ஆகவே அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வெளியே தேடினேன். இருக்கிற நோயை மறைக்காமல் எழுதி, கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால், அதையும் சேர்த்துக்கொள்ளும் பாலிசி ஒன்று கிடைத்தது. மீன்தலைக் கறி இப்போது குடும்பத்தோடு இரண்டு தடவை சாப்பிடும் விலைக்கு ஏறிவிட்டது. அம்மாவின் இதய டாக்டரிடம், பயணம் செய்யலாம், நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று ஒரு கடிதமும் வாங்கினோம். “எல்லாத்தையும் எழுதாதடா, விலை கூட்டுவான்” என்றார் அம்மா. எழுதாமல் விட்டால் பிறகு அதையே காரணம் காட்டிக் கொடுக்க மாட்டார்கள் என்று விளக்கினேன். அம்மாவுக்கு அது நியாயமாகப் படவில்லை. எனக்கும்தான். ஆனால் இந்த முறை, பாலிசியில் காப்புறுதி செய்துகொண்டவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர் இருக்கிறது.

காசு கட்டுவதற்கு முன் பலன்களின் பட்டியலை அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். மருத்துவச் செலவு, அவசர இடமாற்றம், அப்புறம் ஒன்று. பயணத்தில் இறந்தால் உடலைத் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவு. படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினேன். அம்மா அசையவில்லை.

“திருப்பி அனுப்புறதுன்னா எங்க?”

“இங்கதாம்மா. ஜொகூருக்கு.”

“இந்தியாவுக்கு இல்லியே?”

“நம்ம பாஸ்போர்ட் மலேசியாதானே.”

கொஞ்ச நேரம் விரலால் மேசையில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். “எங்கம்மா தம்பிக்கு இதெல்லாம் இருந்திருந்தா எங்க அனுப்பியிருப்பாங்க?”

நான் பதில் சொல்லவில்லை. நாகப்பட்டினத்துக்கா, குளுவாங்குக்கா? 1936-இல் நடுக்கடலில் இருந்த ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு எது தாய்நாடு என்று நிரப்ப எந்தப் படிவத்திலும் இடம் இருந்திருக்காது.

கட்டியாகிவிட்டது. அடுத்த மாதம் புறப்படுகிறோம். மெரினா பேயிலிருந்து வெளியே வரும்போது செயின்ட் ஜான்ஸ் தீவு கண்ணில் படும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பாட்டியைத் தொற்றுத்தடுப்பில் வைத்திருந்த தீவு. அங்கிருந்து தஞ்சோங் பகாருக்கு வந்து, ரயிலில் பாலத்தைத் தாண்டித்தான் அவர்கள் ஜொகூருக்குள் வந்தார்கள். 1924-இல் திறந்த அதே பாலத்தில்தான் நாங்கள் எதிர்த்திசையில் போகப்போகிறோம்.

அதுதான் இப்போதைய கவலை. சொந்தக் காரில் போய்ப் பாலத்து நெரிசலில் மாட்டிக் கப்பலைத் தவறவிட்டால் இந்தப் பாலிசியும் ஒரு காசு தராது. தெளிவாகவே போட்டிருக்கிறான். கப்பல் சாயங்காலம்தான். அம்மா விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பிவிடலாம் என்கிறார். மஞ்சள் துணி ஒன்றைக் கிழித்து வைத்திருப்பதையும் பார்த்தேன்.